அக்காவின் பொங்கல் அகப்பை

நாற்பது நாள் தவசுக்காலம் முடிந்து ஈஸ்டர் வந்தால் எங்கள் வீட்டில் மாட்டுக்கறிதான். காய்ந்த மிளகாயைத் தணலில் போட்டுக் கருக்குவேன். அந்தப் புகைக்கு, நாங்கள் குடியிருந்த பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே லயன் வீடுகள் மொத்தமும் தும்மும். அதை அம்மியில் அரைத்து, கறியோடு புரட்டி, தேங்காய்ப்பால் ஊற்றி, கரியடுப்பில் மூன்று மணி நேரம் சிறு தீயில் விடவேண்டும். கடைசி அரைமணி கிண்டிக்கொண்டே இருக்கணும். கையை எடுத்தால் அடிபிடித்துப் போகும்.

அந்த வருஷம் கிண்டுகிற நேரத்தில் என் அகப்பையின் காம்பு முறிந்தது. சனியன்! கைக்கு எட்டினது பக்கத்து வீட்டு அக்காவின் அகப்பை. முந்தின நாள் பாயசம் கிண்ட இரவல் வாங்கினது. தரும்போதே சொல்லித்தான் தந்தாள்: "தங்கச்சி, இது ஆத்தாளுக்குப் பொங்கல் வைக்கிற அகப்பை. கறிச்சட்டிப் பக்கம் மட்டும் கொண்டு போயிடாத." அக்கா மாரியம்மனைக் கும்பிடுகிறவள். எங்கள் மாட்டுக்கறி வாடை வந்தால் ஜன்னலைச் சாத்திக்கொள்வாளே தவிர, ஒரு நாளும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

தெரிந்தேதான் எடுத்தேன். நாற்பது நாள் நாக்கு செத்துக் கிடந்த ஆசை, அப்புறம் கழுவிக்கலாம் என்கிற திமிர். சாம்பல் போட்டுத் தேய்த்தேன், புளி போட்டுத் தேய்த்தேன். கொட்டாங்குச்சி ஆயிற்றே, கருகின மிளகாய் வாசம் லேசாக நின்றது. பாசார் சந்தையில் புதுசு வாங்கிக் கொடுத்து உண்மையைச் சொல்லிடலாம் என்று நினைத்திருந்தேன்.

மறுநாள் விடிந்ததும் அக்கா வந்து நின்றாள். அவளுடைய மூணு வயசு மகளுக்குப் பத்து நாளாகக் காய்ச்சல். டாக்டர் கையை விரித்துவிட்டாராம். "ஆத்தாளுக்குப் பொங்கல் வைக்கிறேன்னு வேண்டிக்கிட்டேன். அகப்பையக் குடு, தங்கச்சி," என்றாள். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது.

"அக்கா..." என்று ஆரம்பித்தேன்.

"என்னடி?"

"ஒண்ணுமில்லக்கா," என்று எடுத்துக் கொடுத்துவிட்டேன். பாவி நான்.

அடுத்த மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்தப் பிள்ளைக்கு ஏதாவது ஆனால் கொன்றவள் நான்தான் என்று மாதா படத்துக்கு முன்னால் அழுதேன். நாலாம் நாள் காய்ச்சல் விட்டது. பிள்ளை எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டது. அப்பாடா! அப்போதாவது சொல்லியிருக்கலாம். அதற்குள் அக்கா அகப்பைக்கு மஞ்சள் பூசி, சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டாள். எட்டு வருஷம் ஆத்தாளுக்கு அதில்தான் பொங்கல். எட்டு வருஷமும் சாமிக்குப் படைத்தவுடன் முதல் இலை என் வீட்டுக்குத்தான் வரும். வெட்கமில்லாமல் வாங்கித் தின்றேன்.

பிறகு அவள் வீட்டுக்காரருக்குக் கிள்ளானுக்கு மாற்றல் வந்தது. அந்தச் சமயம் என் கடைக்குட்டி மகன் விஷக்காய்ச்சலில் படுத்திருந்தான். சாமான் ஏற்றின மாட்டுவண்டி வாசலில் நிற்க, அக்கா உள்ளே வந்து அந்த அகப்பையை என் கையில் வைத்து விரல்களை மூடினாள்.

"என் மகள எனக்குத் திருப்பிக் குடுத்தது இதுதான். இனி உன் பிள்ளைக்கு இருக்கட்டும். இதுலயே கஞ்சி கிண்டி ஊத்து, எழுந்திருச்சுடுவான். ஒண்ணே ஒண்ணுதான்டி, கறிச்சட்டியில மட்டும் போட்டுடாத."

"போடமாட்டேன்க்கா," என்றேன்.