கலெக்டர் வேஷம்

என் உயரமும் குரலும்தான் என்னை மாட்டிவிட்டன. திருத்தணி தாலுகா ஆபீஸில் நான் டைப்பிஸ்ட். காலையில் உட்கார்ந்தால் பொழுது சாயும்வரை யாரோ எழுதியதை அடித்துக்கொண்டிருப்பேன். "ஆங் சார்", "முடிஞ்சிடும் சார்" என்பதைத் தவிர அங்கே எனக்குப் பேச்சுக் கிடையாது. ஆபீஸ் முடிந்து ஸ்டேஷன் பக்கமிருந்த பள்ளிக்கூடத்தின் பின்னறைக்குப் போனால் அங்கே நான் ஜமீன்தார், ஜட்ஜ், போலீஸ் சூப்பரிண்டு, பெண் கொடுக்க மறுக்கும் பணக்கார அப்பா. மீசைகூடச் சரியாக வளராத வயதிலேயே தலைக்கு வெள்ளை பூசி உட்காரவைத்துவிட்டார்கள். காதலிக்கிற வேஷம் ஒன்றுகூட எனக்கு வாய்க்கவில்லை.

எங்கள் குழுவை நடத்தியவர் ரயில்வேயில் பார்சல் கிளார்க். நாடகம் எழுதுவது, ஆட்களைச் சேர்ப்பது, திரை கட்டுவது, கோபித்துக்கொண்டு போனவனை வீட்டுக்கே போய்க் கூட்டிவருவது எல்லாம் அவர்தான். எல்லோரும் அவரை வாத்தியார் என்போம். மற்றவர்களில் தையல்காரர் உண்டு, தறி வைத்திருந்தவர் உண்டு, ஒரு கம்பவுண்டர் உண்டு. எல்லோரும் வேலை பார்த்துக் களைத்துப்போய்த்தான் ஒத்திகைக்கு வருவோம். வசனம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கொட்டாவி வரும். கதாநாயகனுக்கு உயிர் போகிற காட்சியில் அவன் நிஜமாகவே தூங்கிப்போனதும் உண்டு. வாத்தியார் அவனை எழுப்பவில்லை. "தூங்கட்டும், பாவம், ஷிப்ட் முடிச்சிட்டு வந்துகிறான்" என்று அடுத்த காட்சிக்குப் போனார்.

வீட்டில் என் மனைவி தறிக்காரர்களுக்கு ராட்டினத்தில் நூலைத் தாராகச் சுற்றிக் கொடுத்துக்கொண்டிருப்பாள். ராட்டினத்தை விட்டு எழுந்து எனக்குச் சோறு போட்டுவிட்டு மறுபடியும் ராட்டினத்துக்குப் போவாள். அவள் சண்டை போடுகிறவள் அல்ல. ஒரே ஒரு தடவை, நூலிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்: "வூட்ல ஒரு வார்த்தை பேசறதுக்கு உங்களுக்குத் தெம்பு இல்ல. அங்க போயி மட்டும் அத்தினி பேசறீங்க." தலையில் பூசிய வெள்ளை சரியாகப் போகாமல் அரிக்கும். கண்ணெரிச்சலோடு மறுநாள் டைப் மெஷின் முன்னால் உட்காரும்போது, இதோடு போதும் என்று ஒவ்வொரு தடவையும் நினைப்பேன். ஆனால் ஒத்திகை இல்லாத வாரங்களில் களைப்பு இன்னும் அதிகமாகத்தான் இருந்தது. அது எதனால் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

எழுபதுகளின் நடுவில் வாத்தியார் ஒரு புது நாடகம் எழுதினார். புருஷனை இழந்த ஏழைப் பெண்ணின் குடிசை மனையைப் பெரிய மனிதர் ஒருவர் பறிக்கப் பார்க்கிறார். தாசில்தார் அவருக்கு உடந்தை. கடைசிக் காட்சியில் கலெக்டர் வருகிறார். கலெக்டர் நான். ஜீப் சத்தத்துக்கு மேடைக்குப் பின்னால் ஒரு பழைய மோட்டார் சைக்கிளை முடுக்குவார்கள். நான் தொப்பியும் கருப்புக் கண்ணாடியுமாக நுழைந்து, தாசில்தாரைப் பார்த்து, "இந்த நிமிஷமே இந்த அம்மாவுக்குப் பட்டா எழுது. நீ எழுதி முடிக்கிறவரைக்கும் நான் இந்த மண்ணைவிட்டு நகரமாட்டேன்" என்று முழங்கவேண்டும். நாடகம் முழுக்க இந்த ஒரு வசனத்துக்காகத்தான்.

திருத்தணியில் முதல் தடவை போட்டபோது அந்த வசனத்துக்குக் கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. எங்கள் ஆபீஸின் நிஜ தாசில்தாரே முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். எனக்கு உள்ளூரப் பயம்தான். அவர் நல்ல மனிதர், விழுந்து விழுந்து சிரித்தார். திங்கட்கிழமை என்னைப் பார்த்ததும், "இன்னா கலெக்டர் சார், இந்த நிமிஷமே இதை டைப் அடிச்சுத் தர்றீங்களா?" என்றார். அதிலிருந்து ஆபீஸில் எனக்கு அதுவே பெயராகிவிட்டது. டீ கொண்டுவருகிறவன்வரை கலெக்டர் என்றுதான் கூப்பிட்டான்.

சில வாரங்கள் கழித்து ஒரு பெண் ஆபீஸுக்கு வந்தாள். கனகம்மாசத்திரத்துக்கு உள்ளே ஒரு சிற்றூர், கூலி வேலை. நாற்பது வயதிருக்கும். யாரிடமும் விசாரிக்காமல் நேரே என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றாள். திருத்தணியில் உறவுக்காரர் வீட்டுக்கு வந்தபோது நாடகம் பார்த்தாளாம். கலெக்டர் வேஷக்காரருக்கு இங்கேதான் வேலை என்று அவர்கள் சொன்னார்களாம். அவளுடைய குடிசை கால்வாய் ஓரத்தில் இருக்கிறது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அங்கேதான் வாசம். புருஷன் செத்துப்போய்விட்டான். குடிசையைக் காலி செய்யச் சொல்கிறார்கள், பட்டா வேண்டும் என்றாள்.

நான் எழுந்து அவளை வராந்தாவுக்கு அழைத்துப் போனேன். இது நாடகம் இல்லையம்மா, நான் இங்கே டைப்பிஸ்ட், என்னால் ஒன்றும் ஆகாது என்று மெதுவாக விளக்கினேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் ஏமாற்றம் இல்லை. எனக்குத்தான் ஏதோ புரியவில்லை என்பதுபோலப் பார்த்தாள்.

"நாடகம்னு தெரியும்ங்க. நான் இன்னா கொழந்தையா? அந்த மாதிரி பேசத் தெரிஞ்சவரு இங்க நீங்க ஒருத்தர்தானே. எனக்கோசரம் உள்ள போயி ஒரு வார்த்தை பேசுங்கன்னு கேக்கறதுக்கு வந்தேன்."

அவளைப் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு உள்ளே போனேன். தாசில்தார் தலைவலியோடு நெற்றியைப் பிடித்துக்கொண்டிருந்தார். மேஜையில் ஆறிப்போன காபி. நான் நின்றபடியே விஷயத்தைச் சொன்னேன். முழங்கவெல்லாம் இல்லை. தொண்டையிலிருந்து காற்றுதான் வந்தது. அவர் பொறுமையாகக் கேட்டார். சர்வே நம்பரை வரவழைத்துப் பார்த்தார். "கால்வாய்ப் புறம்போக்குப்பா. நான் இல்ல, யார் வந்தாலும் அங்க பட்டா தர முடியாது. வேற எடம் எதுனா வந்தா பாக்கலாம். அந்த அம்மாகிட்ட பக்குவமா சொல்லு" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. இடைஞ்சல் செய்கிற பெரிய மனிதர் யாரும் அங்கே இல்லை. உடந்தையாக இருக்கிற அதிகாரியும் இல்லை. தண்ணீர் போகிற இடத்தில் குடிசை இருந்தது, அவ்வளவுதான். இப்படிப்பட்ட கதையில் கலெக்டர் எந்தப் பக்கத்திலிருந்து நுழைவார்?

வெளியே வந்து அவளிடம் சொன்னேன். அவள் "பேசினீங்களா?" என்று மட்டும் கேட்டாள். பேசினேன் என்றேன். "ஆங், சரிங்க" என்று முந்தானையை உதறிக்கொண்டு பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டாள்.

அன்று சாயங்காலமே வாத்தியாரிடம் போனேன். பார்சல்களுக்கு நடுவில் நின்றுகொண்டு, அவள் வந்துபோனதைச் சொல்லி, கடைசிக் காட்சியை மாற்றவேண்டும் என்றேன். இந்தப் பொய்யை இனி என்னால் சொல்ல முடியாது, வேறு யாரையாவது போடுங்கள் என்றேன். அவர் ஒரு மூட்டையின் மேல் உட்கார்ந்து பீடி பற்றவைத்தார். அவரும் அன்று காலையிலிருந்து உட்காரவில்லை என்பது தெரிந்தது. மாற்றி என்ன எழுதுவது என்று என்னையே கேட்டார். கலெக்டர் வந்து சர்வே நம்பரைப் பார்த்துவிட்டுக் கையை விரித்துவிட்டுப் போவதா? அதைப் பார்க்க யார் வருவார்கள்? அந்த அம்மா வீட்டிலேயே அதைப் பார்த்துக்கொண்டிருக்கலாமே. கனகம்மாசத்திரத்தில் திருவிழா நாடகம் ஏற்கெனவே ஒப்புக்கொண்டாகிவிட்டது, அது முடியட்டும் என்றார். நானும் தலையாட்டிவிட்டு வந்தேன்.

அந்த வருஷம் மின்வெட்டு கடுமையாக இருந்தது. இருட்டினால் கரண்டு போய்விடும் என்பதால் கனகம்மாசத்திரத்தில் நாடகத்தை வெயில் இருக்கும்போதே வைத்தார்கள். நாங்கள் பட்டப்பகலில் நடித்ததே இல்லை. விளக்கு போட்டு நடிக்கும்போது முன்னால் இருப்பது வெறும் இருட்டு. அன்றைக்கு எல்லா முகமும் தெரிந்தது. வேஷத்தின் கோடுகள் வெயிலில் கேவலமாகத் தெரிந்தன. வியர்வையில் என் நரை கன்னத்தில் வழிந்தது. ரோட்டில் திருப்பதி போகிற பஸ்கள் ஹாரன் அடித்துக்கொண்டே போயின.

மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டு நுழைந்தபோது அவளைப் பார்த்தேன். மேடைக்கு வெகு பக்கத்தில், தரையில், சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். கண்ணாடி போட்டிருந்ததால் நான் பார்ப்பது அவளுக்குத் தெரிந்திருக்காது. தாசில்தார் வேஷம் போட்ட தையல்காரர் நடுங்கியபடி என் முன்னால் வந்து நின்றார். நான் வாயைத் திறந்தேன். வந்தது ஆபீஸ் குரல். "இந்த நிமிஷமே இந்த அம்மாவுக்குப் பட்டா எழுது" என்று யாரிடமோ சலுகை கேட்பதுபோலச் சொன்னேன். அடுத்த வரியை அரையும் குறையுமாக விழுங்கினேன். தையல்காரர் குழம்பிப்போய், எழுதுவதா வேண்டாமா என்று விழித்தார். ஒரு கைகூடத் தட்டவில்லை. திரையை இழுத்துவிட்டார்கள்.

வாத்தியார் என்னைத் திட்டவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு திரைக் கயிற்றை அவிழ்க்கப் போனார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. மேடைக்குப் பின்னால் வாளித் தண்ணீரில் முகம் கழுவிக்கொண்டிருந்தபோது அவள் வந்தாள். கூட ஏழெட்டுப் பேர், ஆணும் பெண்ணுமாக. ஏதாவது கேட்கப்போகிறாள் என்று நினைத்து, அந்த இடம் புறம்போக்கு அம்மா என்று நானே ஆரம்பித்தேன்.

அவள் கையை வீசி அதை ஒதுக்கினாள். "அது தெரியும்ங்க, நீங்கதான் சொன்னீங்களே. இப்ப ஏன் அப்படி மெதுவா சொன்னீங்க? அன்னிக்கி இன்னாமா கேட்டுது தெரியுமா, உடம்பெல்லாம் சிலுத்துது. இவங்க அத்தினி பேரும் கால்வாக் கரைதான். கேளுங்க, வாங்கன்னு வேலையை வுட்டுட்டு இட்டாந்தேன்."

பின்னால் நின்ற ஒருவர், உடம்பு சரியில்லையோ என்னவோ, விடு என்று அவளைச் சமாதானப்படுத்தினார். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. முகத்தில் பாதிச் சாயம், இடுப்பில் துண்டு. அவளுடைய முகத்தில் இருந்த ஏமாற்றம் அன்று ஆபீஸ் வராந்தாவில் நான் எதிர்பார்த்து, வராமல்போன அதே ஏமாற்றம். பட்டா இல்லை என்றபோது வராதது, வசனம் சரியில்லை என்றதும் வந்துவிட்டது.

துண்டோடேயே நிமிர்ந்து நின்று அந்த வசனத்தைச் சொன்னேன். தொண்டை எவ்வளவு திறக்குமோ அவ்வளவு திறந்து, முழுசாகச் சொன்னேன். வாளிக்குப் பக்கத்தில் மேய்ந்துகொண்டிருந்த ஆடு மிரண்டு ஓடியது. மேடையைப் பிரித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் கூட்டிவந்தவர்கள் யாரும் கைதட்டவில்லை. ஒரு கிழவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவள், பார்த்தீர்களா என்பதுபோல அவர்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "வரேங்க" என்றாள். கால்வாய்க் கரைக்காரர்கள் அத்தனை பேரும் வரப்பு வழியாக வரிசையாக நடந்து போனார்கள்.

திருத்தணிக்குத் திரும்பும் பஸ்ஸில் உட்கார இடமில்லை. கம்பியைப் பிடித்தபடி நின்றுகொண்டே தூங்கினேன். வாத்தியார் என் சட்டையைப் பிடித்து உலுக்கித்தான் இறக்கினார். வீட்டுக்கு வந்து மனைவியிடம் நடந்ததை முதலிலிருந்து கடைசிவரை சொன்னேன். நான் பேசி முடிக்கும்வரை அவள் ராட்டினத்தை நிறுத்தியிருந்தாள். "சோறு ஆறுது" என்றாள். ஆனால் அதன்பிறகு ஒத்திகை விஷயமாக அவள் என்னிடம் குறையாக எதுவும் பேசியதில்லை.

குடிசைகளைப் பிற்பாடு எடுத்துவிட்டார்கள். கால்வாய்க் கரையில் இருந்தவர்களுக்கெல்லாம் சேர்த்து மேட்டுப்பக்கம் மனை ஒதுக்கினார்கள். அதில் என் பங்கு எதுவும் இல்லை. மேலேயிருந்து வந்த உத்தரவு அது. அவளை ஒருமுறை சந்தைத் தெருவில் பார்த்தபோது, மனை வந்துவிட்டது, ஆனால் தண்ணீர் எடுக்கத்தான் தூரம், இடுப்பு ஒடிகிறது என்றாள். நான்தான் வாங்கிக் கொடுத்தேன் என்று அவள் சொல்லவில்லை. அது எனக்கு நிம்மதியாக இருந்தது.

அந்த நாடகத்தை மேலும் சில வருஷங்கள் ஊர் ஊராகப் போட்டோம். மணவூரில், பள்ளிப்பட்டுப் பக்கத்தில், கூப்பிட்ட இடத்திலெல்லாம். வேஷத்தை மாற்றிக்கொடுங்கள் என்று நான் பிறகு கேட்கவில்லை. நாள் முழுக்க டைப் அடித்த கையோடு, தலையில் அரிப்போடு, சலிப்போடுதான் போனேன். தாசில்தார்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். நான் டைப் அடித்துக்கொண்டே இருந்தேன். வாத்தியாரை ரயில்வேயில் ஜோலார்பேட்டைப் பக்கம் மாற்றினார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து ஒத்திகை நடத்திப் பார்த்தார். பிறகு அதுவும் அவரால் முடியவில்லை. கடைசியாக வந்தபோது பிளாட்பாரத்து பெஞ்சில் நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம். வண்டி தாமதம். அவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். வண்டி வந்ததும் ஏறி ஜன்னலோரம் இடம் பிடித்து, என்னைப் பார்த்துத் தலையாட்டினார். வண்டி கிளம்புவதற்குள்ளேயே கண்ணை மூடித் தூங்கிவிட்டார்.