பாதிப் பிரசங்கம், மீதிப் பாட்டு

நான் ஒரு மடையன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிற்பாடு யாரும் தானாகக் கண்டுபிடித்ததாகப் பெருமைப்பட்டுக்கொள்ள வேண்டாம்.

நார்வே நாட்டில் பெர்கன் என்ற ஊரில் இருபத்தாறு வருடங்களாக இருக்கிறேன். முக்கால்வாசி நாள் மழை. பாளையங்கோட்டை வெயிலில் காய்ந்து வளர்ந்தவனுக்கு அந்த மழையைத் தாங்க ஒரே வழி, பள்ளிக்கூட நாட்களில் கேட்ட சினிமாப் பாட்டு. அதெல்லாம் இப்போது கைப்பேசியிலேயே கிடைக்கிறது, கீறல் இல்லாமல், இரைச்சல் இல்லாமல். எனக்கு அது சப்பென்று இருக்கும். ஊரிலிருந்து பனியன்களுக்கு நடுவே சுற்றி எடுத்துவந்த ஒற்றைக் கேசட்டில் கேட்டால்தான் பாட்டு பாட்டாக இருக்கும். ஏனென்றால் அதில் பாட்டுக்கு முன்னால் என் அப்பா பேசுவார்.

"ஆகையால் பிரியமானவர்களே, நாம் செய்ய வேண்டியது என்னவென்றால்..." என்பார். கொஞ்ச நேரம் அமைதி. 'டக்' என்று ஒரு சத்தம். உடனே ஐம்பது வயலின்கள் குதித்துக்கொண்டு வரும். கதாநாயகியைப் பார்த்து, உன் இடுப்பு ஏன் இப்படி இளைத்துப்போனது என்று கதாநாயகன் விசாரிக்கத் தொடங்குவான்.

அப்பா மிஷன் பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியர். சினிமாப் பாட்டு எங்கள் வீட்டு வாசலோடு நின்றுவிடும். ஒரு வருடம் சபையில் நடந்த மூன்று நாள் கன்வென்ஷனில், வந்திருந்த பெரிய பிரசங்கியாருக்குக் கடைசி நாள் தொண்டை கட்டிக்கொண்டது. வேறு வழியில்லாமல் அப்பாவை மேடையில் ஏற்றிவிட்டார்கள். அவர் வாழ்நாளில் செய்த ஒரே பிரசங்கம் அதுதான். கணக்கு வாத்தியார் ஒருவர் பதிவுசெய்து கொடுத்தார். ஒரு பக்கம் முதல் நாள் பேசிய பிரசங்கியார், மறுபக்கம் அப்பா. யாரும் அழித்துவிடக் கூடாதென்று கேசட்டின் முதுகிலிருந்த இரண்டு சின்னத் தகடுகளையும் அப்பா தன் கையாலேயே ஒடித்தார். ஒடித்த ஓட்டையில் காகிதத்தை உருட்டி அடைத்தால் மறுபடியும் பதியலாம் என்பது அன்றைக்குப் பாளையங்கோட்டையில் மீசை முளைக்காத அத்தனை பேருக்கும் தெரியும். அப்பாவுக்கு மீசை இருந்தது.

அதற்காக நான் அவ்வளவு பெரிய பாவியுமல்ல. பிரசங்கம் முடிந்து மிச்சமிருக்கும் நாடாவில் மட்டும் பதிவதாகத்தான் திட்டம். கூட்டாளி வீட்டு டேப் ரெக்கார்டரில் ஓட்டி ஓட்டிக் கேட்டேன். 'என்னவென்றால்' என்றார். அதற்குப் பிறகு சத்தமே இல்லை. சரி, முடித்துவிட்டார் என்று தீர்மானித்து, ஆறு பாட்டுகளை ஏற்றிவிட்டேன். முக்கியமான ஒன்றைச் சொல்லுமுன் வகுப்பு அடங்கும்வரை வாயை மூடிக்கொண்டு நிற்பது அப்பாவின் வழக்கம். சுவரில் பல்லி நகர்வதுகூடக் கேட்கும். அவர் வகுப்பில் முன்வரிசையில் இரண்டு வருடம் உட்கார்ந்திருந்த எனக்கு அது தோன்றவில்லை. ருசி கண்டபின் பிரசங்கியார் பக்கத்தையும் விட்டுவைக்கவில்லை. அதற்குச் சாக்கு எதுவும் கிடையாது.

வீட்டில் டேப் ரெக்கார்டர் இல்லாததால் பிழைத்தேன். கேசட் அலமாரியில் பத்திரமாகத் தூங்கியது. வேலை கிடைத்து விமானம் ஏறியபோது, "ஒங்க பிரசங்கத்தக் கொண்டுபோறேம்பா" என்றேன். அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான், பயத்தில்.

இவ்வளவு வருடம் கேட்டதில் வாய்க்கு ஒரு வியாதி வந்துவிட்டது. அந்தப் பாட்டு எங்கே ஒலித்தாலும் முதலில் அப்பாவின் வசனம் வந்த பிறகுதான் பல்லவி வரும். ஒருநாள் பெர்கனில் யாழ்ப்பாணத்துக்காரர் கடையில் வெங்காயம் பொறுக்கிக்கொண்டிருந்தபோது அந்தப் பாட்டைப் போட்டுவிட்டார்கள். "ஆகையால் பிரியமானவர்களே, நாம் செய்ய வேண்டியது என்னவென்றால்" என்று உரக்கச் சொல்லிவிட்டு இடுப்பைப் பற்றிப் பாட ஆரம்பித்தேன்.

கடைக்காரர் தராசை விட்டுவிட்டு வந்தார். "அண்ணை, வெங்காயம் கிடக்கட்டும். என்ன செய்ய வேணுமெண்டு சொல்லிப்போட்டுப் போங்கோ."

எனக்கே தெரியாது, என்னவென்று சொல்வது? என் மகள் அந்த வசனம் பாட்டின் முதல் வரி என்றே நம்பி வளர்ந்தாள். ஒரு கல்யாண வீட்டில் அப்படியே பாடவும் செய்தாள். வயதான அம்மா ஒருவர் கண்ணை மூடி "ஆமென்" என்றார்.

போன வருடம் அப்பாவிடமிருந்து ஃபோன்.

"ஏலே, எனக்கு எம்பத்தஞ்சு முடியுதுல்லா, கோயில்ல ஸ்தோத்திர ஆராதனை வைக்காங்க. என்னையப் பேசச் சொல்லுதாங்க. அந்தக் கேசட்டு ஒங்கிட்டதான இருக்கு?"

"இருக்குப்பா" என்றேன். அது பொய்யில்லை.

"அதக் கொண்டாலே. அன்னைக்குக் கடைசியில ஒண்ணு சொன்னேன், சனம் அப்படியே எழும்பி நின்னுச்சு. அது என்னன்னு யோசிச்சு யோசிச்சுப் பாக்கேன், ஞாபகம் வரமாட்டேங்கு. கண்ண மூடுததுக்குள்ள இன்னொருக்கா அதச் சொல்லிரணும்."

விமானத்தில் பதினான்கு மணி நேரம் மன்னிப்பு ஒத்திகை பார்த்தேன். வழியில் கேசட் தொலைந்துவிட்டதாகச் சொல்லலாமா என்றும் யோசித்தேன். வீட்டுக்குள் நுழைந்தால், கோயிலில் ஆர்கன் வாசிப்பவரிடம் இரவல் வாங்கிய டேப் ரெக்கார்டர் மேசைமேல் தயாராக இருக்கிறது. தேய்த்த சட்டை, புதுத் தாள், மூடி கழற்றிய பேனாவோடு அப்பா.

"குளிச்சிட்டு வந்திருதேம்பா."

"குளிக்க ஆத்துத் தண்ணி எங்கயும் போயிராது. போடு. எழுதிக்கிடுதேன்."

போட்டேன். நாற்பது வருடத்துக்கு முந்தைய அப்பா பேசினார். இப்போதைய அப்பாவின் உதடுகள் கூடவே அசைந்தன. ஒரு வார்த்தை தப்பவில்லை. "ஆகையால் பிரியமானவர்களே..." பேனா தாளைத் தொட்டது. "என்னவென்றால்..." அமைதி. ஒரு விரலை உயர்த்தி, 'இப்பப் பாரு' என்பதுபோல என்னைப் பார்த்தார்.

டக். ஐம்பது வயலின்கள்.

நான் பாய்ந்து நிறுத்தப் போனேன். "இரி" என்றார். உட்கார்ந்தேன். இடுப்பு விசாரணை முழுவதும் நடந்து முடிந்தது. பேனாவை மூடவில்லை. இரண்டாவது பாட்டு தொடங்கியதும் கேட்டார்.

"எத்தன?"

"ஆறுப்பா."

"மறுபக்கம் அந்தப் பெரிய பிரசங்கியார் பேசுனது இருக்குல்லா?"

"அதுலயும்... பத்துப் பாட்டு."

"முழுசாவா?"

"முழுசா."

அப்பாவின் முகத்தில் அப்போது ஓடியதை வருத்தம் என்று எழுதினால் நான் பொய் சொன்னவனாவேன். "எனக்குப் பாதியாவது கெடக்கு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஆனால் வெள்ளையாகக் கிடந்த தாளைப் பார்த்ததும் அந்த முகம் மறுபடி வாடிவிட்டது. ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துபோய், பிரம்புக்குக் கை நீட்டும் பையன்போல எழுந்து நின்றேன்.

"தெரியாமச் செஞ்சிட்டேம்பா. மன்னிச்சிருங்க. இப்ப நான் என்ன செய்யட்டும்?"

தாளையும் பேனாவையும் என் பக்கம் தள்ளினார்.

"சனிக்கெழமைக்குள்ள மிச்சத்த எழுதிக் கொண்டா."