பி ஷிப்டும் பின்வரிசைக் கைத்தட்டும்

கவ்வாலிக் குழுவில் முன்வரிசை பாடும். பின்வரிசைக்காரர்களான நாங்கள் கை தட்டிக்கொண்டே அடியைத் திருப்பிச் சொல்வோம். பதினெட்டு வருடம் தட்டினேன். பிழைப்பு ஓசூரில் இரும்புத் தகடு அடிக்கும் ஒரு பிரஸ் ஷாப்; கான்ட்ராக்ட் ஆள்.

அன்று பாகலூர்ப் பக்கம் ஒரு தர்காவில் பகல் நிகழ்ச்சி. எனக்கு மத்தியானம் தொடங்கும் பி ஷிப்டு; ஒன்றே முக்காலுக்குக் கம்பெனி பஸ். ஏற்கெனவே இரண்டு முறை லேட். "இன்னொரு வாட்டி லேட்டா வந்தீன்னா பர்மனென்ட் லிஸ்ட்ல உன் பேரு இருக்காது" என்று சூப்பர்வைசர் சொல்லியிருந்தார். முள்மேல் உட்கார்ந்த மாதிரிதான் உட்கார்ந்திருந்தேன். நிமிடத்துக்கு ஒருமுறை வாட்ச்சைப் பார்த்தேன்.

ஒன்றே காலுக்கு, 'போனவன் வரும் வழியை யாரும் அடைக்கவில்லை' என்ற அடி வந்தது. மகனைப் பறிகொடுத்த லாரி டிரைவர் ஒருவர் கூட்டத்தில் எழுந்து நின்று அழ ஆரம்பித்தார். எங்களுக்கு ஒரு விதி உண்டு. ஓர் அடி யாரையாவது உலுக்கிவிட்டால், அவர் தானாக அடங்கும்வரை அதே அடிதான். மாற்றவும் கூடாது, நிறுத்தவும் கூடாது.

எனக்கோ பஸ். தட்டும் வேகத்தைக் கூட்டினேன். பின்வரிசை என் கையைப் பார்த்துத்தான் தட்டும். டோலக்கும் சேர்ந்து ஓடியது. பாடகர் பாஷா பாய்க்கு எழுபது வயது. மூச்சு எட்டவில்லை, அடி பாதியில் அறுந்தது. டிரைவர் திடுக்கிட்டுச் சுற்றுமுற்றும் பார்த்தார். செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

பஸ்ஸைப் பிடித்துவிட்டேன். மறுநாள் பாய் கூப்பிட்டார்.

"இன்னாத்துக்கு முருகேசா அப்டி ஓட்டுன?"

"ஷிப்டுக்கு லேட்டாவுது பாய்."

"மகன் செத்ததுலேர்ந்து அந்த மனுசன் நேத்துதான் மொத மொறையா அழுதாராம். அவரு அண்ணன் வந்து சொல்லிட்டுப் போறாரு. அடுத்த மாசம் அங்கயேதான் புரோகிராம். நீ வேணாம்பா, வூட்ல இரு."

கூனிக் குறுகிப் போனேன். "வர்றேன் பாய். வாட்ச்சக் கழட்டிட்டு வர்றேன்."

அந்த நாளும் பி ஷிப்டுதான். லீவு கேட்டேன், கிடைக்கவில்லை. ஷிப்டை விட்டுவிட்டு நிகழ்ச்சிக்கே போனேன். டிரைவர் மூலையில் உட்கார்ந்திருந்தார். அதே அடி வந்தது. அவர் மெல்ல எழுந்தார். ரோட்டில் கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. கையை ஓடவிடவில்லை. அரை மணி நேரம் அழுதவர், தானே உட்கார்ந்தார். துண்டால் முகம் துடைத்துக்கொண்டு தண்ணீர் கேட்டார்.

லிஸ்டில் என் பெயர் வரவில்லை. பர்மனென்ட் ஆக இன்னும் ஆறு வருடம் ஆனது. வயிறு எரிந்தது, பொய் சொல்லமாட்டேன்.

புதிதாகப் பின்வரிசைக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன்: ஷிப்டு உள்ள நாளில் நிகழ்ச்சிக்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். ஒத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டால், எதிரே அழுகிறவர் தண்ணீர் கேட்கும்வரை எழுந்திருக்காதீர்கள்.