மேட்ரனின் மணிக்கட்டு

மேட்ரனின் இடது மணிக்கட்டு எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. வெயிலில் சிவந்து, பழுப்புப் புள்ளிகள் இறைந்து, எலும்பு துருத்திக்கொண்டிருக்கும் மணிக்கட்டு. அமீரகத்தில் புஜைரா பக்கம் மலையடிவாரத்துக் கிராமம் ஒன்றில், ஆஸ்பத்திரி வளாகத்து மெஸ் ஹாலில், பிடில் இசை வேகமெடுக்கும்போது, அந்த மணிக்கட்டில் என் விரல்களை அழுத்தி வைத்துக்கொண்டு நான் ஆடியிருக்கிறேன். கூட ஆடியவர்களுக்கு அது வியாழக்கிழமை மாலைச் சந்தோஷம். எனக்கோ பயம். கால் தப்பினால் பரவாயில்லை, விரல் நழுவிவிடக் கூடாது என்று நினைத்துக்கொண்டே முன்னும் பின்னும் போய்வந்துகொண்டிருப்பேன்.

இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்கள் அவை. தேனிப் பக்கத்திலிருந்து நர்ஸ் வேலைக்குப் போனவள் நான். கணவருக்கு ஷார்ஜாவில் முவைலாவில் வேலை. விடுமுறை நாளான வெள்ளிக்கிழமை மட்டும் பார்த்துக்கொள்வோம். மற்ற நாள்களில் என் உலகம் அந்தச் சிறிய ஆஸ்பத்திரியும், அதைச் சுற்றியிருந்த பேரீச்சைத் தோட்டங்களும், அவற்றுக்குப் பின்னால் சாம்பல் நிறத்தில் நின்ற மலையும்தான். நர்ஸுகளுக்கெல்லாம் தலைவியான எங்கள் மேட்ரன் அயர்லாந்துக்காரர். ஐம்பதைத் தாண்டியவர், திருமணம் செய்துகொள்ளாதவர். டிராலியின் அடித்தட்டில் விரலை ஓட்டி, தூசியை நம் முகத்துக்கு நேரே காட்டிவிட்டு ஒன்றும் பேசாமல் போய்விடுவார். திட்டியிருந்தாலாவது ஆறுதலாக இருந்திருக்கும். அவருடைய வெள்ளைக் காலணி வராந்தாவில் திரும்பும் சத்தம் கேட்டால் கையிலிருக்கும் டீயைக் கீழே வைத்துவிடுவோம்.

அப்படிப்பட்டவர் வியாழன் மாலைகளில் வேறு ஆளாகிவிடுவார். கல் குவாரியில் வேலை பார்த்த அவர் நாட்டு இன்ஜினியர் ஒருவர் பிடிலோடு வருவார். மெஸ் மேசைகளைச் சுவரோரம் ஒதுக்குவோம். கேரளத்து நர்ஸுகளும் பிலிப்பைன்ஸ் நர்ஸுகளும் நான்கு நான்கு பேராக எதிரெதிரே நிற்பார்கள். கைகோத்து முன்னே வந்து, பின்னே போய், ஒருவரை ஒருவர் சுற்றி இடம் மாறுவார்கள். மேட்ரன் நடுவில் நின்று அடுத்த அடியை உரக்கச் சொல்லிக்கொண்டே ஆடுவார். இடுப்புக்கு மேலே ஆடாமல் அசையாமல் கம்பம் மாதிரி நிற்பார். கால்கள் மட்டும் தனியாகப் பேசிக்கொண்டிருக்கும். சிமென்ட் தரையில் குதிகால் சத்தம் எழவில்லை என்று, வார்டிலிருந்து கழற்றிப் போட்டிருந்த பழைய மரக்கதவு ஒன்றைக் கொண்டுவரச் சொல்லி ஹாலின் நடுவில் கிடத்தியிருந்தார். அவருடைய கிராமத்தில் வீட்டில் ஆள் சேர்ந்துவிட்டால் சமையலறைக் கதவைக் கழற்றித் தரையில் போட்டு, அதன்மேல் ஒருவர் மாற்றி ஒருவர் தனியாக ஆடுவார்களாம். பள்ளிவாசலில் பாங்கு சொன்னால் இசையை நிறுத்த வேண்டும் என்பது மட்டும்தான் ஆஸ்பத்திரி டைரக்டர் போட்ட நிபந்தனை. பாங்கு தொடங்கியதும் இன்ஜினியர் பிடிலின் வில்லை மடியில் வைத்துவிடுவார். எல்லோரும் மூச்சு வாங்கிக்கொண்டு அமைதியாக உட்கார்ந்திருப்போம்.

ஆரம்பத்தில் நான் ஆடமாட்டேன். எங்கள் வீட்டில் கல்யாண ஊர்வலத்தில்கூடப் பெண்கள் ஆடி நான் பார்த்ததில்லை. சுவரோரம் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துவிட்டு அறைக்குத் திரும்பிவிடுவேன்.

ஒரு மதியம் துணி அடுக்கும் அறைக்குப் போர்வை எடுக்கப் போனேன். மேட்ரன் தரையில், அலமாரியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். உதடு சாம்பல் பூத்திருந்தது. நாடி பிடித்தேன். என் விரலடியில் அது மெதுவாக, தயங்கித் தயங்கி மேலே எழுந்தது. ஏதோ ஒரு குறுகிய சந்துக்குள் சிக்கி வெளியே வருகிறது போல. இப்படிப்பட்ட நாடியைப் பயிற்சிக் காலத்தில் ஒரே ஒரு நோயாளியிடம் தொட்டிருக்கிறேன். கண் திறந்ததும் மேட்ரன் என்னைப் பார்த்த பார்வையில் முதன்முறையாக ஒரு கெஞ்சல் இருந்தது. யாரையும் கூப்பிட வேண்டாம் என்று தலையசைத்தார்.

அடுத்த வாரம், தேராக் கடைவீதியில் சாமான் வாங்க வேண்டும், துணைக்கு வா என்று என்னை அழைத்துக்கொண்டு துபாய் போனார். போனது இதய டாக்டரிடம். ஸ்கேன் பார்த்த டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு எங்கள் இருவருக்கும் பொதுவாகச் சொன்னார். இதயத்திலிருந்து ரத்தம் வெளியேறும் வால்வு மிகவும் சுருங்கிவிட்டது, மாற்றியே ஆக வேண்டும், அதுவரை மாடிப்படிகூட நிதானமாகத்தான் ஏற வேண்டும். வேகமாக ஏதாவது செய்தால் மயக்கம் வரலாம், அந்த மயக்கத்திலிருந்து எழாமலும் போகலாம். மேட்ரன் நன்றி சொல்லிவிட்டு எழுந்தார். வெளியே வந்து, நிஜமாகவே தேராவுக்கு அழைத்துப்போனார். அப்ராப் படகில் க்ரீக் என்கிற கடற்கழியைக் கடக்கும்போதுதான் வாயைத் திறந்தார். அவர் ஆங்கிலத்தில் பேசியதெல்லாம் என் மனதில் தமிழாகவே தங்கிவிட்டது.

“நோயாளி சொன்னத வெளில சொல்லக் கூடாதுன்னு உனக்குச் சொல்லித் தந்திருப்பாங்க. இன்னைக்கு நான் நோயாளி.”

ஆபரேஷன் எப்போது என்று கேட்டேன். ஆட்டத்தையாவது நிறுத்துங்கள் என்றேன். அலையடித்துப் படகு ஆடியது. அவர் என் கையைப் பிடிக்கவில்லை, நான்தான் அவருடையதைப் பிடித்தேன்.

அன்றிலிருந்து வியாழக்கிழமை நெருங்கினாலே எனக்குச் சோறு இறங்காது. மேட்ரன் ஆட்டத்தை நிறுத்தவில்லை. சுவரோரம் உட்கார்ந்து அவர் உதட்டின் நிறத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். டியூப் லைட் வெளிச்சத்தில் எல்லோருடைய உதடும் வெளிறித்தான் தெரிந்தது. சுற்றும்போது அவர் முகம் மறையும் அந்தக் கணத்தில் எட்டி எட்டித் தேடுவேன். பாங்கு நேரத்து அமைதியில் அவர் மூச்சை மட்டும் காதால் தேடிப் பிடிப்பேன். தூரத்திலிருந்து பார்ப்பதில் பயன் இல்லை என்று ஒருநாள் தோன்றியது. வரிசையில் ஓர் ஆள் குறைந்தபோது எழுந்து போய் அவர் பக்கத்தில் நின்றேன். பிலிப்பைன்ஸ் பெண்கள் கை தட்டினார்கள். இசை தொடங்கியது. கையைக் கோக்காமல், மணிக்கட்டைப் பிடித்தேன்.

அப்படியே குளிர்காலம் கழிந்தது. என் கால்கள் தாமாகவே அடிகளைக் கற்றுக்கொண்டன. கற்றுக்கொண்டதே எனக்குத் தெரியவில்லை, ஏனென்றால் என் கவனம் முழுவதும் விரல் நுனியில் இருந்தது. துடிப்பு மெலியும்போது வேண்டுமென்றே அடி தப்புவேன். எல்லோரும் சிரித்து, ஆட்டம் நின்று, மறுபடி தொடங்குவதற்குள் அவருக்குக் கொஞ்சம் மூச்சு கிடைக்கும். ஹாலிலேயே மோசமாக ஆடுகிறவள் என்று எனக்குப் பெயர் வந்தது. என் கணவரிடம்கூட எதையும் சொல்லவில்லை. ஏன் இளைத்துவிட்டாய் என்று ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கேட்டார்.

மார்ச்சில் அவர்கள் நாட்டுத் திருநாள் வரும். அன்று சுற்றுவட்டாரத்தில் வேலை பார்த்த அயர்லாந்துக்காரர்கள் எல்லோரும் எங்கள் ஹாலுக்கு வருவார்கள். மேட்ரன் கதவின்மேல் தனியாக ஆடுவதுதான் அந்த நாளின் முக்கிய நிகழ்ச்சி. தனியாட்டத்தில் நான் பக்கத்தில் நிற்க முடியாது. முந்தின நாள் அவர் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திவிட்டு, கையெடுத்துக் கும்பிட்டேன். வேலை போனாலும் சரி, டைரக்டரிடம் சொல்லிவிடுவேன் என்றுகூடச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார்.

அவருடைய அம்மாவுக்கும் இதே வால்வுதான் கெட்டதாம். ஊரிலேயே நன்றாக ஆடுகிறவள் என்று பெயர் எடுத்த அம்மா. ஆபரேஷனுக்காகத் தலைநகரத்துக்குப் புறப்படும் முன்பு வீட்டில் எல்லோரும் கூடியிருந்தபோது, வேண்டாம் என்று சொல்லச் சொல்லக் கேட்காமல் கதவின்மேல் ஏறி ஆடினாராம். மேட்ரன் அப்போது நர்ஸிங் முடித்துப் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்தவர். அம்மாவை ஆபரேஷனுக்குச் சம்மதிக்க வைத்ததே அவர்தான்.

“எங்கம்மா கதவு மேல ஆடினப்போ சாகல, சிஸ்டர். நான் சொல்லி அனுப்பின ஆபரேஷன் மேசையிலதான் செத்தாங்க.”

ஆஸ்பத்திரி முழுவதையும் நடுங்க வைத்த மனுஷி நடுங்கியதை அன்றுதான் பார்த்தேன். அந்தக் காலத்து ஆபரேஷன் வேறு, இப்போது வேறு என்று எதையோ உளறினேன். அவருக்குத் தெரியாததா அது. எழுந்து வந்துவிட்டேன். யாரிடமும் சொல்லவும் இல்லை. ஒரு நோயாளி தன் பயத்தை என் கையில் கொடுத்த பிறகு அதை எங்கே கொண்டுபோய் வைப்பது?

மறுநாள் மாலை ஹால் நிறைந்திருந்தது. ஆம்புலன்ஸ் டிரைவர் அண்ணன், பரமக்குடிக்காரர், வாசலில் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கதவுக்குப் பக்கத்தில், முதல் ஆளாக, தரையில் உட்கார்ந்துகொண்டேன். மேட்ரன் கதவின்மேல் ஏறி நின்றார். இரண்டு கைகளும் பக்கவாட்டில் நேராக. பிடில் எழுந்தது. குதிகால்கள் மரத்தில் விழ ஆரம்பித்தன. நான் பயந்தது போல இல்லை, அவ்வளவு சுத்தமாக, மழை பெய்கிற மாதிரி ஆடினார். சுற்றியிருந்தவர்கள் தாளத்துக்குக் கை தட்டினார்கள். அந்தக் கைத்தட்டலை நிறுத்தச் சொல்லிக் கத்த வேண்டும்போல இருந்தது. அது அவரை விரட்டிக்கொண்டே போனது.

பிறகு ஓர் அடி தாமதமாக விழுந்தது. யாரும் கவனிக்கவில்லை. அடுத்த அடி விழவே இல்லை. நான் எழுந்து அவர் இடுப்பைப் பிடிப்பதற்கும் அவர் சரிவதற்கும் சரியாக இருந்தது. இதுவும் ஆட்டத்தில் ஒரு பகுதி என்று நினைத்துச் சிலர் தொடர்ந்து கை தட்டினார்கள்.

கதவின்மேலேயே படுக்க வைத்துக் காலைத் தூக்கிப் பிடித்தேன். மணிக்கட்டில் விரலை வைத்தேன். ஒன்றும் தெரியவில்லை. கழுத்தில் வைத்தேன். நூல் போல ஏதோ ஓடியது. ஹாலுக்கும் அவசரப் பிரிவுக்கும் இடையில் முழுக்கச் சரளைக்கல், ஸ்ட்ரெச்சர் சக்கரம் அதில் உருளாது. டிரைவர் அண்ணன்தான் முதலில் குனிந்தார்.

“கதவோட தூக்கிருவோம் சிஸ்டர். நீங்க கைய மட்டும் எடுத்துராதீக.”

அவரும் பிடில் இன்ஜினியரும் இன்னும் சிலரும் கதவை நான்கு பக்கமும் பிடித்துத் தூக்கினார்கள். நான் கழுத்தில் வைத்த கையோடு பக்கத்தில் ஓடினேன். டியூட்டி டாக்டர் கேட்பதற்கு முன்பே வால்வைப் பற்றிச் சொல்லிவிட்டேன். ரகசியம் என்று ஒன்று அப்போது என் நினைவிலேயே இல்லை. ஆக்ஸிஜன் வைத்துக் கொஞ்ச நேரத்தில் மேட்ரன் கண் திறந்தார். உடனே துபாய்க்குக் கிளம்பினோம். மலைப்பாதை வளைவுகளில் டிரைவர் அண்ணன் வண்டியைக் குலுக்காமல் ஓட்டினார். ஒவ்வொரு வளைவிலும் மேட்ரன் கண்ணை மூடினார். ஒவ்வொரு முறையும் அவர் மறுபடி திறக்கும்வரை நான் என்ன ஆனேன் என்று எழுதத் தெரியவில்லை.

துபாய் டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. உடனே ஆபரேஷன், இல்லையென்றால் அடுத்த மயக்கம்தான் என்றார். மேட்ரன் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். டாக்டர் போன பிறகு மேட்ரனின் போர்வையைச் சரிசெய்தேன். எனக்கு அழுகை வந்தது. ஒவ்வொரு வியாழனும் உங்கள் நாடியைப் பார்க்கத்தான் ஆட வந்தேன், எனக்கு ஆட்டமே பிடிக்காது என்று சொல்லிவிட்டேன்.

“தெரியும்,” என்றார், சுவரைப் பார்த்தபடியே. “ஆட்டத்துல யாரும் மணிக்கட்டப் பிடிக்க மாட்டாங்க. நீ பிடிப்பேன்னுதான் ஒவ்வொரு வாரமும் உன் பக்கத்துல வந்து நின்னேன்.”

நான் அவர் பக்கத்தில் போய் நிற்பதாகவே அத்தனை மாதமும் நினைத்துக்கொண்டிருந்தேன். அவரும் பயந்துகொண்டேதான் ஆடியிருக்கிறார். தனியாகப் பயப்பட முடியாமல் என் கையைத் தேடி வந்திருக்கிறார்.

கொஞ்ச நேரம் கழித்து, ஆபரேஷன் அறை வாசல்வரை வருவாயா என்று கேட்டார். வருகிறேன் என்றேன். டாக்டரைக் கூப்பிடச் சொன்னார். மறுநாள் காலை அந்த வாசல்வரை அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே போனேன். கதவு மூடிய பிறகு என் விரல்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. தாழ்வாரத்தில் உட்கார்ந்து என் நாடியையே பிடித்துக்கொண்டிருந்தேன். மாலையில் ஒரு நர்ஸ் வெளியே வந்து, பிழைத்துக்கொண்டார் என்று ஹிந்தியில் சொன்னாள். அவள் பேசி முடிப்பதற்குள் என் மணிக்கட்டிலிருந்து விரல்களை எடுத்துவிட்டேன்.

அயர்லாந்துக்குப் போய் ஓய்வெடுத்துவிட்டு, கோடை முடியும்போது மேட்ரன் திரும்பி வந்தார். வால்வுக்குப் பதிலாக உலோகத்தில் ஒன்று வைத்திருந்தார்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை, லேசாக இடித்தாலும் ஊதா நிறத்தில் கன்றிப்போகும் தோல். இனிக் கதவின்மேல் ஏறக் கூடாது. வியாழக்கிழமைகளில் நாற்காலியில் உட்கார்ந்து அடிகளை மட்டும் சொன்னார். நான் யாரும் கூப்பிடாமலே ஆடினேன். இப்போது கைகளைக் கோத்துக்கொண்டு.

அந்த உலோக வால்வு மூடும்போது சத்தம் வரும். வார்டு அமைதியாக இருக்கும் நேரத்தில் அவர் பின்னால் வந்து நின்றால் கைக்கடிகாரம்போல டிக், டிக் என்று கேட்கும். புதிதாக வந்த நர்ஸுகள் அதைக் கேட்டதும் நிமிர்ந்து நின்று டிராலியைத் துடைக்க ஆரம்பிப்பார்கள். எனக்கு அது வேறுமாதிரி. ஒரு டிக்குக்கும் அடுத்ததற்கும் நடுவில் என் மூச்சு நின்றுதான் ஓடியது. பயம் போகவில்லை. அதற்கும் ஒரு தாளம் கிடைத்திருந்தது, அவ்வளவுதான்.

இப்போது நான் தேனியில் இருக்கிறேன். மேட்ரன் தன் கிராமத்தில் கடலைப் பார்த்த வீட்டில் தனியாக இருக்கிறார். வருடத்தில் சில முறை போன் செய்வார். எடுத்ததும் இருவரும் பேசமாட்டோம். அவர் ரிசீவரை நெஞ்சோடு வைத்துக்கொள்வார். அங்கே காற்று வீசும் சத்தம், ஏதோ ஒரு பறவை, துணி உரசும் சத்தம் எல்லாம் முதலில் வரும். நான் கண்ணை மூடிக்கொண்டு காத்திருப்பேன். அந்த டிக், டிக் கேட்ட பிறகுதான், “சொல்லுங்க மேட்ரன்” என்பேன்.