காந்தம் ஒட்டாத இடம்

என் ஸ்போர்ட்ஸ் கார் ஒரு அடிகூடப் படாத வண்டி என்று இருபது வருடமாகப் பீற்றிக்கொண்டு திரிந்தவன் நான். இரண்டே பேர் உட்காரக்கூடிய சிவப்பு வண்டி. கல்பாக்கம் குவார்ட்டர்ஸில் இருந்தபோது செகண்ட் ஹாண்டில் வாங்கியது. ஞாயிறு மாலைகளில் நானும் மனைவியும் மாமல்லபுரம் வரை போய் வருவோம். ஆரம்பத்தில் அவளும் ஓட்டுவாள், என்னைவிட வேகமாக. பிறகு ஒருநாள், "நீங்களே ஓட்டுங்க, நான் கடல் பாத்துக்கிட்டு வர்றேன்" என்றாள். திரும்பும்போது கடல் அவள் பக்கம் வரும். சவுக்குத் தோப்பு விலகும் இடங்களில் அவள் முகத்தில் வெளிச்சம் விழும். என் பக்கத்தில் உட்கார்ந்து வர அவளுக்கு அவ்வளவு ஆசை என்று எனக்குள் ஒரு பெருமை.

போன மாதம் மகள் அந்த வண்டியைக் கருங்குழி பக்கம் தடுப்புச் சுவரில் இடித்துவிட்டாள். இடப்பக்கக் கதவும் முன் மட்கார்டும் நசுங்கிவிட்டன. அவளுக்கு ஒரு கீறல் இல்லை. அதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும். நான் வண்டியைக் கேட்டேன். கேட்டதோடு விடாமல் காச்மூச்சென்று கத்தினேன். "இனிமே இந்த வண்டிய தொடமாட்டேன்ப்பா" என்றவள் அதோடு என்னிடம் பேச்சை நிறுத்திவிட்டாள். எங்கள் படூர் ஃபிளாட் சின்னது. ஒருத்தி பேசாமல் இருப்பது எல்லா அறைக்கும் கேட்கும்.

செங்கல்பட்டில் ஒரு டிங்கரிங் பட்டறைக்கு வண்டியைக் கொண்டுபோனோம். மனைவியும் வந்தாள். பட்டறைக்காரர் இரண்டு வழி சொன்னார். அடிபட்ட இடத்துக்கு மட்டும் பெயிண்ட் என்றால், வெயிலில் வெளுத்துப்போன இப்போதைய சிவப்புக்கு மேட்ச் பண்ண வேண்டும். இல்லையென்றால் வண்டி முழுக்கச் சுரண்டி, புதிதாக அடிக்க வேண்டும்.

நான் யோசிக்கவே இல்லை. அந்த வெளுத்த சிவப்புதான் என் ஞாயிற்றுக்கிழமைகள். "அடிபட்ட இடம் மட்டும் போதும். மத்தபடி இது அடிபடாத வண்டி" என்றேன்.

அவர் பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தம் ஒன்றை எடுத்து வண்டியைச் சுற்றித் தடவிக்கொண்டே வந்தார். தகரம் இருக்கும் இடத்தில் எல்லாம் டக்டக்கென்று ஒட்டியது. வலப்பக்கப் பின் மட்கார்டில் மட்டும் நழுவிக் கீழே விழுந்தது.

"இன்னா சார், அடிபடாத வண்டின்றீங்க. இங்க அடை கனத்துக்குப் பட்டி வச்சிக்கீது. நல்லா நசுங்கின எடத்த ரொப்பிக்கீறாங்க" என்றார்.

"விக்கும்போதே ஏமாத்திட்டான்" என்று கொதித்தேன். வண்டியை விற்றவரைத் திட்ட வாயெடுத்தபோது மனைவி என் கையைத் தொட்டாள்.

"அவர் இல்லீங்க, நான். ரிவர்ஸ் எடுக்கும்போது தென்னமரத்துல இடிச்சிட்டேன். நீங்க டிரெயினிங்குக்கு பம்பாய் போயிருந்தீங்க. திரும்பி வர்றதுக்குள்ள வேலைய முடிச்சு வாங்கிட்டேன்."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா என்ன பண்ணியிருப்பீங்க?"

பட்டறைக்காரர் நாகரிகமாக வேறு வண்டிப் பக்கம் போய்விட்டார். அவள் கடல் பார்க்க ஆரம்பித்தது எந்த மாதம் என்று அப்போதுதான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நான் பம்பாயிலிருந்து திரும்பிய அதே மாதம். வெட்கமாக இருந்தது.

"சரி, வண்டி ரெடியானதும் நீயே ஓட்டு" என்றேன்.

"லைசென்ஸ் எப்பவோ முடிஞ்சுபோச்சு. நான் புதுப்பிக்கல" என்றாள், சாதாரணமாக.

பட்டறைக்காரரைக் கூப்பிட்டேன். பட்டியை எல்லாம் பெயர்த்துவிட்டுத் தகரத்தைத் தட்டி நிமிர்த்தி, வண்டி முழுக்கப் புதுச் சிவப்பு அடிக்கச் சொன்னேன்.

அன்று வீட்டுக்கு வந்ததும் மகளின் அறை வாசலில் போய் நின்றேன். மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாத வாய். சுற்றி வளைத்துத்தான் வந்தது. வண்டி தயாரானதும் அவளே போய் எடுத்துவர வேண்டும் என்றேன்.

அவள் என் பக்கம் திரும்பி, "மறுபடியும் இடிச்சிட்டேன்னா?" என்றாள்.

"இடிச்சிட்டு வந்து எங்கிட்ட சொல்லும்மா."