மாதம் ஒரு மூட்டை இட்லி அரிசி

பாலிகஞ்சில் எங்கள் தெருமுனை மளிகைக் கடைக்காரர் ஒரு வங்காளி. வாழ்நாளில் இட்லியைத் தொட்டதில்லை. ஆனால் இட்லி அரிசியைப் பற்றி அவரிடம் வாய் கொடுத்து மீள முடியாது. ஒரு பிடியை உள்ளங்கையில் பரப்பி, "பௌதி, இது பழசு, கூட நேரம் ஊறணும்" என்று பெங்காலியில் எனக்கே பாடம் நடத்துவார். பௌதி என்றால் அண்ணி. தெருவில் இருந்த ஏழெட்டுத் தமிழ்க் குடும்பத்துப் பெண்களும் அவருக்கு அண்ணிகள்தான்; எங்களுக்கு அவர் தாதா, அதாவது அண்ணன்.

ஹவுராவிலிருந்து மொத்த வியாபாரி எங்களுக்காக மாதம் ஒரு மூட்டை அனுப்புவார். ஒரு மாதம் வேண்டாமென்றால் போதும், அதோடு நிறுத்திவிடுவார். இதைக் கடைக்காரர் எங்களிடம் பலமுறை சொல்லியிருக்கிறார்.

பிறகு மெயின் ரோட்டில் அந்தப் பெரிய கடை வந்தது. கடைக்காரர்கள் மதியம் ஷட்டரை இறக்கிவிட்டுத் தூங்கும் ஊரில், அது நாள் முழுக்கத் திறந்திருந்தது. ஏசி, தள்ளுவண்டி, பாக்கெட்டில் பளபளவென்று இட்லி அரிசி, விலையும் குறைவு. முதலில் தாவியது நான்தான். மற்ற அண்ணிகளிடம் தண்டோரா போட்டதும் நான்தான். அந்தக் கடைப் பையோடு தெருமுனைக் கடைக்காரர் கண்ணில் படக்கூடாதென்று பின்சந்து வழியாகச் சுற்றி வருவேன்.

பத்து மாதம் கழித்து ஒரு நாள், அங்கே அரிசி இருந்த அலமாரித் தட்டில் பாஸ்தா இருந்தது. கம்ப்யூட்டரைப் பார்த்த பெண், "ரொம்ப மெதுவா போற ஐட்டம் ஆன்ட்டி, இனிமே வராது" என்றாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. அவ்வளவு பெரிய கடைக்கு ஏழெட்டு வீடு எம்மாத்திரம்!

இரண்டு வாரம் ஓட்டினேன். "தினம் பிரெட்டு. நான் என்ன ஜுரத்துல கிடக்கேனா?" என்றார் என் கணவர்.

வெட்கத்தை விட்டுத் தெருமுனைக்குப் போனேன். "தாதா, இட்லி அரிசியை மறுபடி வரவழைக்க முடியுமா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"எதுக்கு வரவழைக்கணும்? இருக்கே" என்று பிரித்த மூட்டையைக் காட்டினார்.

"இத்தனை மாசமா யாருமே வாங்கலையே! மூட்டையெல்லாம் என்ன ஆச்சு?"

அவர் தராசைத் துடைக்க ஆரம்பித்தார். கடைக்குப் பின்னாலேயே வீடு. திரைக்குப் பின்னாலிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது. "நாங்கதான் தின்னோம் பௌதி! மீன் குழம்புக்கும் உங்க குண்டரிசி, பருப்புக்கும் உங்க குண்டரிசி. சொந்தக்காரங்களுக்கும் தள்ளிவிட்டாச்சு. பிள்ளைங்க தட்டைப் பார்த்தாலே ஓடுதுங்க."

"நிறுத்தியிருந்தா, இன்னைக்கு நீங்க வந்து கேக்கும்போது என்னத்தைக் கொடுப்பேன்?" என்றார் அவர், கோபமே இல்லாமல்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. சோற்றில் துளி குறை பொறுக்காத மனிதர்கள் அவர்கள். எங்கள் இட்லிக்காகப் பத்து மாதம் பொறுத்திருக்கிறார்கள்.

"மூட்டையோட எங்க வீட்டுக்கு அனுப்புங்க தாதா. எல்லா அண்ணிகளுக்கும் நானே பிரிச்சுக் கொடுக்கறேன்" என்றேன். பிறகு திரையைப் பார்த்துச் சொன்னேன்: "இன்னைக்காவது நல்ல அரிசி வடிங்க."