மாஸ்டர் திறக்காத மண்டபம்

சந்தியாப்பிள்ளை மாஸ்டர் போய்விட்டார் என்ற செய்தி, லொங்குய்ய் மெட்ரோ வாசலில் நிற்கும்போது தொலைபேசியில் வந்தது. அவரைத் தெரிந்தவர்களே, உண்மையைச் சொல்கிறேன். எனக்கு முதலில் அழுகை வரவில்லை. அவருடைய மகள் றோசாவின் முகத்தில் எப்படி முழிப்பது என்ற பயம்தான் வந்தது.

மாஸ்டர் நைஜீரியாவில் அரசியல் பாடம் படிப்பித்தவர். அந்த நாட்டுப் பாராளுமன்றத்தைச் சொந்தக் காணிபோலப் பேசுவார். இன்றைய செனற்றில் பெரிய மாநிலமோ சின்னதோ, ஒவ்வொன்றுக்கும் மூன்று இடம். மற்றச் சபையில் சனத்தொகைப்படி. சுதந்திரத்தின் ஆறாம் வருடமே இராணுவம் பாராளுமன்றத்தைப் பூட்டியது, எழுபத்தொன்பதில் திறந்தது, எண்பத்துமூன்றின் கடைசி நாளில் திரும்பவும் பூட்டியது. அந்த அறிவிப்பை அவர் அங்கேயே வானொலியில் கேட்டாராம். "ஆமி பூட்டினது ஒரு நாளிலை. உள்ளை இருந்தவை அதுக்கு முந்தியே எழும்பிப் போயிட்டினம்" என்பார்.

தொண்ணூற்றொன்பதில் அது மறுபடி திறந்த சந்தோஷப் புளுகத்தில், எங்கள் பங்குக் கோயில் மண்டபச் சங்கத்துக்கும் இரண்டு சபை வைத்து யாப்பு விதிகள் எழுதினார். இருந்ததே அறுபது குடும்பம். மேல்சபையில் நாங்கள் விட்டுவந்த நாலு ஊருக்கும் மும்மூன்று பேர். மண்டபத்தை யாருக்கும் கொடுப்பதென்றால் அந்தச் சபை சம்மதிக்க வேண்டும். எங்கள் ஊர்தான் பெரிது. எங்கள் ஊர்த் திருநாளைச் சங்கத்தின் திருநாளாக்கக் கேட்டோம்; சின்ன ஊர்கள் மேல்சபையில் சேர்ந்து தோற்கடித்தன. அன்றிலிருந்து அவருக்கு 'நைஜீரியா' என்று பட்டம் வைத்தவன் நான்தான்.

அந்த மாரிக் குளிரில் அவர் மனைவி இறந்தார். முப்பத்தோராம் நாள் நினைவுச் சாப்பாட்டுக்கு மண்டபம் கேட்டு, எல்லாரையும்போலத் தானும் விண்ணப்பம் எழுதினார். தீர்மானம் எடுக்கச் சபையில் ஆறு பேர் இருக்க வேண்டும். பனியால் ஏழு பேரே வந்திருந்தோம். எங்கள் ஊரார் மூவரும் என் கண்சாடையில் எழுந்து வெளியே போனோம். அவரை அழவைக்க வேண்டும் என்றே செய்தேன்.

மண்டபத் திறப்பு, அந்தச் சாவி, அவரிடமே இருந்தது. திறவுங்கோ, ஆர் கேக்கிறது என்று யாரோ சொன்னதற்கு அவர், "திறப்பு இருக்கெண்டு திறக்க நான் ஆமிக்காரனே?" என்றாராம். நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் இருந்த அவருடைய இரண்டறை வீட்டில்தான் சாப்பாடு நடந்தது. வந்த சனம் மாடிப்படியில் தட்டோடு நின்றது. நான் போகவில்லை.

அடுத்த நிர்வாகத் தெரிவில் ஆள் சேர்த்து அவரைத் தலைவர் பதவியிலிருந்து இறக்கினேன். மேல்சபையையும் கலைத்தேன். திறப்பைச் சட்டை நுனியால் துடைத்து என் கையில் தந்தார். என்னை ஏசியிருக்கலாம்.

இப்போது அவருடைய முப்பத்தோராம் நாள் வருகிறது. றோசாவிடம் போய், மண்டபத்தை எடுங்கோ பிள்ளை, ஒருத்தரையும் கேட்கத் தேவையில்லை, திறப்பு என்னிடம்தான் என்றேன்.

"அம்மாக்கு இல்லாத மண்டபம் அப்பாக்கும் வேண்டாம் அங்கிள். வீட்டிலைதான் வைக்கிறம். நீங்களும் வாங்கோ, படியிலை நிக்கலாம்."

மாஸ்டரிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்தத் திறப்பு ஒன்றுதான். நாளைக்கு இதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அந்தப் படியில் நிற்பேன்.